கயிற்றில் இரண்டு இழுப்பு

சிறுவாச்சூரில் தொடங்கி அரியலூர், ஜெயங்கொண்டம் வரைக்கும் போய் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். பாறையில் கிணறு வெட்ட ஆள் வேண்டும் என்றால் என்னைத்தான் கை காட்டுவார்கள். படித்தது மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது, அடுத்தவர் வயலில் கூலி வேலை. மீசை முளைக்கும் முன்பே கடப்பாரையோடு கிணற்றுக்குள் இறங்கியவன் நான். இன்றைக்கு எனக்குச் சொந்தமாகக் கம்ப்ரசர் வண்டி இருக்கிறது, மண் அள்ளும் கிரேன் இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது. மகனை இன்ஜினீயருக்குப் படிக்க வைத்தேன். மகளைத் திருச்சியில் கல்லூரிக்கு அனுப்பினேன். எவரும் கை கொடுத்து என்னைத் தூக்கிவிடவில்லை. இப்படிப்பட்ட நான்தான், போன வருடம் மாசி மாதம் புதுச்சேரி கடலில் மகள் வயதுப் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினேன்.

என் மகள் சென்னையில் நல்ல வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு, முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகிற ஸ்கூபாவைக் கற்றுக்கொண்டாள். பிறகு புதுச்சேரியில் ஒரு தோழியோடு சேர்ந்து மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள். கடல் அவளைக் கொண்டுபோய்விடும் என்று என் மனைவி தினமும் பயந்தாள். கடல் ஒன்றும் செய்யவில்லை. நான் கடலில் இறங்கியதற்கு முந்தின வருடம், பொங்கலுக்கு வீட்டுக்கு வரும்போது, ஊருக்குத் திரும்பும் வளைவில், சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி அவள் வண்டியில் மோதியதில் அங்கேயே போய்விட்டாள். அந்தப் பொங்கல் முடிந்ததும் என்னைக் கையோடு கூட்டிப்போய்க் கடலுக்குள் இறக்கிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். நானும் புது கால்சட்டை எல்லாம் வாங்கி வைத்திருந்தேன்.

புதுச்சேரியில் அவளோடு வேலை பார்த்த பிள்ளைகள், அவள் அதிகம் இறங்கும் இடத்தில் கடலடியில் ஒரு கல்லில் பெயர் பொறித்து வைத்தார்கள். போனில் படம் அனுப்பினார்கள். பச்சையாகக் கலங்கலாக ஏதோ தெரிந்தது, ஒரு எழுத்தும் புரியவில்லை. என் மனைவி அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் கெணறு வெட்டுனேன்னு பேசுறீங்கள்ல. எம் புள்ள கல்ல ஒரு தடவ தொட்டுட்டு வாங்க. என்ன எழுதிருக்காங்கன்னு பாத்துட்டு வாங்க."

டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மகளின் தோழிதான் எனக்கும் வாத்தியார். நீச்சல் குளத்தில் எல்லாம் சரியாகத்தான் வந்தது. அறுபதைத் தாண்டியவர் போலவா இருக்கிறார் என்று அங்கே இருந்தவர்களே பேசிக்கொண்டார்கள். கடலில்தான் என் வண்டவாளம் தெரிந்தது.

கிணறு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் நான்கு பக்கமும் சுவர் உண்டு. அண்ணாந்து பார்த்தால் வட்டமாக வானம் தெரியும். கடலுக்குள் சுவரே இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் முடிவில்லாத பச்சை. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மூச்சுதான் பெரிய பிரச்சினை. எங்கள் தொழிலில் பாறைக்கு வெடி வைத்த புகை கிணற்றுக்குள்ளேயே தங்கிவிடும், சில கிணறுகளில் விஷக்காற்றும் இருக்கும். மூச்சு லேசாக இறுகினால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். ஏறாமல் யோசித்துக்கொண்டு நின்றவர்களைப் பாடை கட்டித் தூக்கியதைப் பார்த்திருக்கிறேன். வாயில் வைத்த குழாய் வழியாகக் காற்றை இழுக்கும்போது கொஞ்சம் இறுக்கமாகத்தான் வரும். என் உடம்புக்கு அது விஷக்காற்று என்று பட்டுவிட்டது. இரண்டு ஆள் ஆழம்கூடப் போகவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தேன். அந்தப் பெண் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, மூச்சை விடச் சொல்லிச் சைகை காட்டி, மெதுவாக மேலே கொண்டுவந்தாள். படகில் ஏறி இருமிக்கொண்டு கிடந்தேன்.

"மூச்ச அடக்கிட்டு மேல ஓடுனா நெஞ்சு வெடிச்சிடும்பா. இங்க பயம் வந்தா நிக்கணும்."

"மூச்சு முட்டுனா ஏறிடணும்மா. அப்புடி ஏறுனதாலதான் இத்தன வருசமா உசுரோட இருக்கேன்."

"கெணத்துல அது சரிப்பா. இங்க அதுதான் ஆள கொல்லும்."

படகு ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்து, "பெருசு, இங்க ஏணி போட்டு வைக்கலியே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து யாரும் சிரித்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

மறுநாளும் அதே கதைதான். மனதுக்குப் புரிந்தது, உடம்புக்குப் புரியவில்லை. என்னை உயிரோடு வைத்திருந்த பழக்கமே இப்போது குறுக்கே நின்றது. கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்தேன். இவ்வளவு சம்பாதித்து என்ன பயன் என்று இருந்தது. மகள் பெயர் ஏழு ஆள் ஆழத்தில் கிடக்கிறது. அதைவிட ஆழத்தில் எத்தனையோ பேருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன், அவளிடம் போக முடியவில்லை. மனைவிக்கு போன் போட்டு முடியவில்லை என்றேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "சரி, வந்துருங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் ஒரு மெல்லிய கயிற்றோடு வந்தாள்.

"கடைசியா இத மட்டும் பண்ணிப் பாக்கலாம்பா. ஒரு முனை உங்க கையில, ஒரு முனை எங்கையில. ரெண்டு இழு இழுத்தா, நான் இங்கதான் இருக்கேன்னு அர்த்தம். நீங்களும் ரெண்டு இழுக்கணும். இழுத்துட்டா, அப்பறந்தான் அடுத்த மூச்சு. ரொம்பப் பயப்படுறவங்களுக்கு எங்க ஸ்கூல்ல இதான். உங்க பொண்ணு கண்டுபுடிச்சது."

அது எங்கள் தொழில் பழக்கம். வெடி வைத்த தூசியில் கீழே இருப்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான், சத்தமும் கேட்காது. மேலே இருப்பவர் கயிற்றை இரண்டு முறை இழுப்பார். கீழே இருப்பவன் இரண்டு முறை இழுத்தால் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். சிறுவாச்சூர் கோயிலில் கூட்டம் இருக்கிற நாளில் ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள். அப்போது கல்லூரி விடுமுறையில் இருந்த என் மகள்தான் மேலே நின்று கயிறு பிடிப்பாள். கொஞ்ச நேரம் நான் பதில் இழுக்காவிட்டால், "யப்பா, தூங்குறியா" என்று கத்துவாள்.

"இத அவ யாருகிட்ட கத்துக்கிட்டான்னு சொல்லலியாம்மா?" என்று கேட்டேன்.

"சொல்லலப்பா. அவளே யோசிச்சதுன்னுதான் நாங்க நெனச்சோம்."

மூன்றாம் நாள் காலையில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அதே இடத்தில் மூச்சு இறுகியது. கால் மேலே உதைக்கப் பார்த்தது. கையில் இரண்டு இழுப்பு வந்தது. நானும் இழுத்தேன். மூச்சை விட்டேன். மறுபடி இறுகியது, மறுபடி இழுப்பு, மறுபடி பதில். பயம் போகவில்லை. பயத்தோடே கீழே போய்க்கொண்டிருந்தேன்.

கல் மணலில் பாதி புதைந்திருந்தது. சிறு சிப்பிகள் ஒட்டியிருந்தன. உள்ளங்கையால் தேய்த்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். முதலில் அவள் பெயர். என் அம்மாவுக்கு இருந்த பெயர், நான் வைத்தது. அதன் கீழே இன்னொரு வரி. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். 'கடல் பெற்ற மகள்' என்று இருந்தது.

என்னை அறியாமல் கயிற்றை இரண்டு முறை இழுத்தேன். உடனே பதில் வந்தது. அது அவள் கை இல்லை.

கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்தது. கடல்தண்ணீர் உள்ளே புகுந்தால் எப்படி வெளியேற்றுவது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இதை வெளியேற்றச் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படியே மேலே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கையாலதான தொட்டீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். எழுதியிருந்ததைச் சொன்னேன். பிடித்த கையை விட்டாள். பிறகு, "அப்ப நாம யாருங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அன்பில் எழுதியிருக்கிறார்கள், அந்த வரி இருக்கட்டும். ஆனால் கடல் அவளைப் பெறவில்லை. பெற்றவள் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். அந்தப் பள்ளியில் பயத்தோடு வருகிற ஒவ்வொருவர் கையிலும் கட்டுகிற கயிறு, பெரம்பலூர் பாறைக்குள் உயிரைப் பணயம் வைத்தவர்களுடையது. கல்லில் இன்னொரு வரி சேர்க்கச் சொல்லி அவர்களிடம் போனில் கேட்டேன், எல்லோரிடமும் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள், இன்னும் சொல்லவில்லை. அதனால் மகனை எழுதச் சொல்லி, எல்லோரும் படிக்கிற இடத்தில் கேட்கிறேன். அவள் பெயருக்குக் கீழே 'கிணறு வெட்டுகிறவர் மகள்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கல் கொத்த ஆள் தேட வேண்டாம், கயிற்றின் மறுமுனையை யாராவது பிடித்துக்கொண்டால் போதும், உளியோடு நானே இறங்குகிறேன்.