கார் எங்களுக்கு, கார்பரேட்டர் சித்தப்பாவுக்கு

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நியாயம் என்றால் உயிர். அந்த நியாயத்தால்தான் ஒரு நல்ல கார் வருஷக்கணக்காக ஓடாமல் நின்றது.

வக்கீலாக இருந்த தாத்தா, வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கிய ஒரு சின்னக் கறுப்புக் காரை மயிலாப்பூர் வீட்டுக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது வெள்ளி, ஊஞ்சல், பீரோ எல்லாம் சுமுகமாகப் பிரிந்தன. காரில்தான் வந்தது வில்லங்கம். விற்க இருவருக்கும் மனசில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு அநியாயம். மத்தியஸ்தத்துக்கு வந்த உறவினர் ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே தீர்ப்புச் சொன்னார். கார் மூத்தவனுக்கு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்பரேட்டர் இளையவனுக்கு. அப்படிச் செய்தால் ஒருவரை விட்டு ஒருவர் விலக மாட்டார்களாம். சித்தப்பா அன்றைக்கே அதைக் கழற்றி, ஒரு பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு தி. நகருக்குக் குடிபோனார். அத்தோடு அண்ணன் தம்பி பேச்சும் நின்றது.

அப்பா கல்லூரியில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைதோறும் காரைக் குளிப்பாட்டித் துடைத்து, உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேப்பர் படிப்பார். ரிட்டயர் ஆவதற்குள் ஒரே ஒரு நாளாவது அந்தக் காரை ஓட்டிக்கொண்டு கல்லூரி வாசலில் போய் இறங்க வேண்டும். அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். ரிட்டயர் ஆக ஒரு வருஷம்கூட மிச்சமில்லை. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடாத இடமில்லை. அந்த மாடலுக்குப் பொருந்துகிற கார்பரேட்டர் கிடைக்கவில்லை.

நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. அடையாற்றில் ஒரு பெரிய மைதானத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் பழைய கார்களின் கண்காட்சி. ஜமீன்களிலிருந்தும் சமஸ்தானங்களிலிருந்தும் கார்கள் வருகின்றன. அதோடு, பழைய பாகங்களைக் கொண்டுவந்து பண்டமாற்றாக மாற்றிக்கொள்ளவும் இடம் உண்டாம். இதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திட்டம் தொடங்கியது. கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

"ஏன்னா, அடையாறு போறதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? காசிக்குப் போறேளா?" என்றாள் அம்மா.

முதல் கேள்வி, எந்த நாள் போவது. "அவனும் வருவான். பொறுமை கிடையாது, முதல் நாளே ஓடிப்போய் நிப்பான். நாம ரெண்டாம் நாள் போலாம்" என்றார் அப்பா. தம்பி என்ற வார்த்தையை அவர் சொல்வதில்லை. 'அவன்'தான்.

அடுத்தது, மாற்றிக்கொள்ள எதை எடுத்துப்போவது. பரணிலிருந்து தாத்தா காலத்துப் பித்தளை ஹாரன் ஒன்று இறங்கியது. ரப்பர்க் குமிழை அமுக்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதற்குப் புளி போட்டுத் தேய்த்தது நான்.

பேரம் பேசுகிற வித்தை மட்டும் அப்பாவிடம் கிடையாது. அதற்கு அம்மா ஒரு வாரம் பாடம் எடுத்தாள். பழைய பட்டுப் புடவையைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்குவதில் எங்கள் தெருவில் அவளை அடிக்க ஆளில்லை. "பிடிச்சுப்போச்சுன்னு மூஞ்சில காட்டிக்காதேங்கோ. கையில எடுத்துப் பாருங்கோ. ஓட்டை உடைசல்னு சொல்லுங்கோ. கீழ வெச்சுட்டு ரெண்டடி நடங்கோ, தானா கூப்பிடுவான்" என்றாள். அப்பா ஹாலில் ஒரு தவலையை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஞாயிறு காலை மந்தைவெளியில் பஸ் பிடித்து, பாலம் தாண்டி இறங்கினோம். மைதானத்துக்குள் கால் வைத்ததும் என் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

ஆலமரங்களுக்கு அடியில் வரிசை வரிசையாகக் கார்கள். ஒன்றின் முன்பக்கம் மட்டுமே எங்கள் சமையலறை நீளம். ஒன்று முழுக்க முழுக்க வெள்ளி நிறம். பக்கத்தில் போனால் நானும் ஆலமரமும் ஆகாயமும் அதில் தெரிந்தோம். இன்னொன்றுக்குத் தேக்கு மரத்தில் உடம்பு, யானைத் தந்தத்தில் கைப்பிடி. திறந்து வைத்த இன்ஜினுக்குள் செப்புக் குழாய்கள் கார்த்திகை விளக்கு மாதிரி மின்னின. ஒருவர் சாவியைத் திருப்பினார்; இன்ஜின் ஓடுகிறது என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. அத்தனை கூட்டத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மனிதர்கள் வெறும் இரும்பை வைத்துக்கொண்டு இப்படியெல்லாம் செய்திருக்கிறார்களே என்று தோன்றியது. பக்கத்தில் அப்பாவைப் பார்த்தேன். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சந்நிதியில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

பண்டமாற்று இடம் மைதானத்தின் கோடியில். தரையில் சாக்கும் துணியும் விரித்து விளக்கு, மீட்டர், சக்கரம் எல்லாம் பரப்பியிருந்தார்கள். "இன்னா சாமி தேடிக்கினு கீறே? சொன்னா குடுக்கப் போறேன்" என்று ஒரு வியாபாரி கூப்பிட்டார். அப்பாவின் கண் அடுத்த விரிப்பில் நின்றுவிட்டது.

வெளுத்துப்போன ஒரு வேட்டி. அதன் நடுவில், பளபளவென்று துடைத்து வைத்த எங்கள் கார்பரேட்டர். பக்கத்தில் ஒரு அட்டை: 'இதற்கேற்ற கார் தேவை.' அட்டைக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் சித்தப்பா.

கூட்டத்துக்குப் பயப்படுகிற அண்ணா முதல் நாள் காலையிலேயே வந்துவிட்டுப் போயிருப்பார் என்று சித்தப்பா கணக்குப் போட்டு இரண்டாம் நாள் வந்தாராம். இது பின்னால் தெரிந்தது. அப்போது இருவரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"இதுக்கு மாத்தா என்ன வேணுமாம்னு கேளு" என்றார் அப்பா, என்னிடம்.

"எழுதித்தானே வெச்சிருக்கேன், படிக்கத் தெரியாதான்னு கேளுடி" என்றார் சித்தப்பா, அவரும் என்னிடம்.

நான் ஹாரனை எடுத்துக் காட்டினேன். சித்தப்பாவின் கை தானாக நீண்டு, பாதியில் நின்று, மடிக்குத் திரும்பிப் போனது. "கார்தான் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிடு."

"அப்போ கார் கிடையாதுன்னு சொல்லிடு" என்றார் அப்பா.

இங்கே கார்பரேட்டர் இல்லாத கார், அங்கே கார் இல்லாத கார்பரேட்டர். உலகத்தின் அழகான கார்களெல்லாம் முதுகுக்குப் பின்னால் நிற்க, வயசான இரண்டு பேர் இப்படி முறைத்துக்கொண்டிருந்ததில் எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. பக்கத்து வியாபாரி எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு கீதே. அண்ணன் தம்பியா?" என்றார்.

அப்பா போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ குனிந்து கார்பரேட்டரை இரண்டு கையாலும் எடுத்தார். ஓட்டை உடைசல் என்று சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குக் காரை ஓட்டத்தான் தெரியும். உள்ளே இருக்கிற சமாச்சாரமெல்லாம் சித்தப்பாவுக்குத்தான் அத்துப்படி. அடிப்பக்கத்தைப் பார்க்க அதை மெதுவாகக் கவிழ்த்தார்.

சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அண்ணா, கவுக்காதே. உள்ள ஊசி இருக்கு, விழுந்துடும்."

அப்பாவின் கை அப்படியே நின்றது. பிறகு அதைப் பதமாக நிமிர்த்தி, முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"இப்படியா?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.