உப்பு தின்ற பிளாக்

ரூத்துக்குப் பயம் பிறவியிலேயே கூட வந்தது. படாளத்தில் சிறுமியாக இருந்தபோது கிணற்றை எட்டிப் பார்க்கமாட்டாள். பிறகு கார் கம்பெனியில் எஞ்சின் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். முறுக்கி முடித்த போல்ட்டையே மறுபடியும் முறுக்கிப் பார்ப்பதால், லைன் அவளுக்காகக் காத்திருக்கிறது என்று சூப்பர்வைசர் சலித்துக்கொள்வார். கம்பெனியை மூடிய பிறகு செங்கல்பட்டில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து எஞ்சின் வேலை செய்யத் தொடங்கினாள். அவள் கைபட்ட எஞ்சின் பழுதாகித் திரும்பி வருவதில்லை என்று பெயர் வந்தது. அதற்குக் காரணம் திறமையைவிடப் பயம்தான் என்பது அவள் கணவன் ஜெபசிங்குக்கு மட்டும் தெரியும்.

ஜெபசிங் கல்பாக்கம் ஊழியர் பஸ் ஓட்டுகிறவன். அவன் மூலமாகத்தான் பன்னீர்செல்வம் வந்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தைச் சேர்ந்த மீனவன். தூண்டில் போட ஆசைப்படும் டூரிஸ்ட்டுகளைக் கடலுக்குள் கூட்டிப்போய் வருவான். அவனுடைய ஃபைபர் படகில் பழைய கார் எஞ்சின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வேகம் போதவில்லை. அதே வகை எஞ்சின் உள்ள ரேஸ் காரிலிருந்து கழற்றிய, சிலிண்டர்களை மேலே மூடும் அலுமினிய ஹெட் ஒன்றைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் வாங்கி, கோணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பழைய ஹெட்டை எடுத்துவிட்டு இதை உட்கார வைக்க வேண்டும்.

ரூத் குப்பத்துக்குப் போனாள். மணலில் ஏற்றி வைத்த படகிலேயே எஞ்சினைத் திறந்தாள். ஹெட்டைத் தூக்கியதும், சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகமான பிளாக்கின் மேல்தளத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தாள். நகம் சிக்கியது. தண்ணீர் ஓடும் துளைகளைச் சுற்றி உப்பு அரித்து, அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட்தான் நெருப்பையும் தண்ணீரையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. நார் வைத்த சாதா கேஸ்கெட் என்றால் குழிகளில் அமுங்கி உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் புது ஹெட் தரும் அழுத்தத்தை அது தாங்காது, பிய்த்துக்கொண்டு போகும். தகடு தகடாக அடுக்கிய ஸ்டீல் கேஸ்கெட் எவ்வளவு அழுத்தத்தையும் தாங்கும். ஆனால் கண்ணாடி போன்ற தளம் இல்லாவிட்டால் அது பிடிக்காது, குழி வழியாகத் தண்ணீர் கசிந்துவிடும்.

"பிளாக்கை எறக்கிடு, பன்னீரு. லேத்துல குடுத்து ஃபேஸிங் போட்டு மேல சீவுனாத்தான் ஸ்டீலு புடிக்கும்," என்றாள்.

"யக்கா, பொங்கலுக்கு ஜனம் வந்துகினு கீது. லேத்துல போட்டா எப்ப வரும்? பேஸ்ட்டு தடவிப் போடுக்கா."

முடியாது என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை அவன் குரல் உயர்ந்தது. படகைச் சுற்றி அவனுடைய ஆட்கள் வந்து நின்றார்கள். ரூத்துக்கு மனிதர்கள் சத்தம் போட்டாலும் பயம்தான். கடல் தூரத்தில் இருந்தது, பன்னீர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். அவள் தலையாட்டிவிட்டாள். குழிகளில் பேஸ்ட் தடவி, ஸ்டீல் கேஸ்கெட்டை வைத்து, ஹெட்டை ஏற்றி, போல்ட்டுகளை வரிசைப்படி முறுக்கினாள். இந்த முறை மறுபடி முறுக்கிப் பார்த்தும் மனம் அடங்கவில்லை.

கரையில் எஞ்சின் நன்றாகவே ஓடியது. வேலை செய்தவளும் கூட வந்தால்தான் நம்பிக்கை என்று பன்னீர் சொல்லிவிட்டான். நீச்சல் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, அவன் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டை மாட்டி ஏறினாள். அலை தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே போனதும் பன்னீர் முழு வேகம் வைத்தான். படகு துள்ளிப் பறந்தது. அவன் சிரித்தான். ரூத் அவன் முகத்தையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. வெப்பமானியின் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் நகரத் தொடங்கியது. வேகத்தைக் குறைக்கச் சொல்லி அவள் கத்தியது எஞ்சின் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை. புகைக்குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. அதில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட்டின் தித்திப்பு வாடை. எஞ்சின் இருமி நின்றது. பன்னீர் சாவியைத் திருப்பினான். 'டக்' என்ற ஓர் அடியோடு சரி.

"தண்ணி எஞ்சினுக்குள்ள பூந்துட்டுது. ஸ்டார்ட் பண்ணாத," என்றாள்.

பன்னீர் கரைக்குப் போன் போட்டான். படகெல்லாம் வலைக்குப் போயிருந்தது, யாராவது திரும்பிய பிறகுதான் வரமுடியும் என்றார்கள். வாடைக்காற்று படகைத் தெற்கே தள்ளிக்கொண்டிருந்தது. நங்கூரத்தைப் போட்டான், அது மணலில் பிடிக்காமல் இழுபட்டது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் வெள்ளைக் கட்டடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகின. அந்தப் பக்கம் படகு போகக்கூடாத இடம். காவல்காரர்கள் பிடித்தால் படகை விடமாட்டார்கள் என்று பன்னீர் முணுமுணுத்தான். இவ்வளவு நேரம் உரக்கப் பேசியவன் உதடு வறண்டு உட்கார்ந்திருந்தான். அவனும் பயந்துவிட்டான் என்று தெரிந்தபோது ரூத்துக்குப் பயம் இரட்டிப்பானது.

படகு பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஆடியது. அவள் ஒரு முறை வாந்தி எடுத்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, மண்டியிட்டபடியே எஞ்சின் மூடியைத் திறந்தாள். அந்த ஆட்டத்தில் ஸ்பேனர் பிளக்கில் உட்காரவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தாள். இரண்டாவது பிளக் மட்டும் கழுவி எடுத்ததுபோல ஈரமாக இருந்தது. தண்ணீர் புகுந்தது அந்த ஒரு சிலிண்டரில்தான்.

மற்ற மூன்றையும் திரும்பப் போட்டாள். உள்ளே புகும் தண்ணீர் வெளியே போகட்டும் என்று இரண்டாவதைத் திறந்தே விட்டாள். அதற்குப் போகும் மின்சார வயரையும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் வயரையும் கழற்றிக் கட்டினாள். கழற்றாவிட்டால் திறந்த துளை வழியாகப் பெட்ரோல் தெறித்துப் படகே எரியும். சரியான வயரைத்தான் கழற்றினோமா என்று அவள் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்ததைப் பன்னீர் தடுக்கவில்லை. சூடு தணியும்வரை காத்திருந்து, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் கூலண்ட் தொட்டியில் ஊற்றினாள்.

"இப்ப திருப்பு. மெதுவா."

திறந்த துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது. எஞ்சின் மூன்று காலால் நடக்கிற மாடு போல உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பன்னீர் வடக்கே திருப்பினான். வழியெல்லாம் அவள் தொட்டியில் கடல்நீரை மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தடவை சத்தம் மாறும்போதும் இதோ நின்றுவிட்டது என்று நினைத்தாள். குப்பத்து மணலில் படகு மோதியதும் இறங்கினாள். அப்படியே உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில்லாமல் அழுதாள்.

மறுநாள் பன்னீரே பிளாக்கை இறக்கி லோடு ஆட்டோவில் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்தான். லேத்தில் தளத்தைச் சீவி வழவழப்பாக்கினார்கள். ரூத் நகத்தை வைத்து இழுத்தாள், எங்கும் சிக்கவில்லை. புது ஸ்டீல் கேஸ்கெட் வாங்கினாள். சீவியதில் பிளாக் உயரம் குறைந்ததால், அதற்கேற்ப ஓர் அளவு தடிமனானதாக. அவன் ஏன் என்று கேட்கவில்லை.

மறுபடி ஓட்டிப் பார்க்கிற நாளில் அவளைக் கூப்பிடவும் இல்லை. அவளாகவே ஜெபசிங்கோடு போய், மணலில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டாள். அலையைத் தாண்டியதும் எஞ்சின் சீராக ஏறியது. பிறகு தூரத்தில் தேய்ந்து கேட்காமலே போனது. நின்றுவிட்டதா, தூரமாகப் போய்விட்டதா என்று புரியாமல் அவள் ஜெபசிங்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கடலைப் பார்த்து, போய்க்கொண்டுதான் இருக்கிறது என்றான். ரூத் இன்னொரு தடவை பார்த்துச் சொல்லச் சொன்னாள்.