கிணற்றுக்குள் சொன்ன சங்கீதம்

என் அப்பாவுக்கு வேத வசனம் மனப்பாடமாகாது. ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகர் ஒவ்வொருவராக எழுப்பி வசனம் சொல்லச் சொல்வார். அப்பா இருப்பதிலேயே மிகச் சிறியதாக ஒன்றைத் தேடி வைத்திருந்தார். அதிலும் பாதியை விழுங்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார். சித்தப்பாவுக்கு அந்தத் தொல்லையே இல்லை. அவர் கிறிஸ்துமஸ் அன்று மட்டும், அதுவும் பிரியாணி இறக்கும் நேரத்துக்குத்தான் சபைப் பக்கம் வருவார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் கிணறு வெட்டுவதுதான் தொழில். நான் ஐந்தாவது படித்த வருஷம், பெருமுக்கல் பக்கம் ஒரு பழைய கிணற்றை ஆழப்படுத்த இறங்கியிருந்தார்கள். முந்தின வாரம் பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்தது. காலைச் சாப்பாட்டுக்கு மேலே ஏறி வருவதற்குள் ஒரு பக்கச் சுவர் சரிந்து இருவரையும் மூடிவிட்டது.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது திண்டிவனத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்திருந்தது. ஜேசிபியை விட்டால் மிச்சமும் சரியும் என்று கூடை கூடையாக மண்ணை அள்ளினார்கள். சபை ஜனங்கள் வேலிக் கருவை நிழலில் முழங்காலிட்டு ஜெபித்தார்கள். நான் அழுதேன். அம்மா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“அழுவாத பாப்பா. அப்பா அங்க தனியா இல்ல. ஆண்டவரு கிட்டயே இருக்காரு.”

அதை நான் அப்படியே நம்பினேன். அப்பாவின் தோளை இடித்துக்கொண்டு ஆண்டவரே உள்ளே உட்கார்ந்திருக்கும்போது, இத்தனை பேர் ஏன் இப்படிக் கூடை சுமக்கிறார்கள், அவரே தூக்கிவிட மாட்டாரா என்றுதான் யோசித்தேன்.

பிற்பகலில் சித்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். கால் நசுங்கியிருந்தது. சித்தி தரையில் விழுந்து ஸ்தோத்திரம் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அப்பாவின் உடலைக் கயிறு கட்டி மேலே கொண்டுவந்துவிட்டார்கள். சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா அழவில்லை. அப்பாவின் காதிலிருந்த மண்ணை முந்தானை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா ஜெபிக்கவில்லை. போதகர் வந்து ஆறுதல் சொன்னால் “சரிங்கய்யா” என்பாள், அவ்வளவுதான். சபையில் எல்லோரும் பாடும்போது அவள் உதடு அசையாது. ஒருநாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, யாருமில்லாத வாசலைப் பார்த்து, “கிட்டயே இருந்து இன்னா பண்ணிக்கினு இருந்தே?” என்று கேட்டாள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

சித்தப்பா விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோலோடு திரும்பிய முதல் ஞாயிறே, யாரும் எதிர்பாராதபடி, சபையில் சாட்சி சொல்ல எழுந்தார். மண்ணுக்கடியில் அப்பா வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் முழுவதையும் பிசகாமல் சொன்னாராம். ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார், பயப்படாதே என்று தம்பியைத் தேற்றினாராம். சமாதானமாகக் கண்ணை மூடினாராம். ஜனங்கள் விம்மினார்கள். முழுச் சங்கீதமா, அப்பாவா என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மடியிலிருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மல்லாட்டை பிடுங்கும் காலம் வந்தது. அம்மா கொல்லையில் கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். வேலைக்குப் போக முடியாத சித்தப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆய்ந்தார். குவித்த செடிகளுக்கு மறுபுறம் நான் படுத்திருந்தது அவர்களுக்குத் தெரியாது.

“அண்ணி, சபையில நான் சொன்னது பொய்.”

“தெரியும் தம்பி.”

“சங்கீதம்லாம் ஒண்ணும் சொல்லல. உங்க பேரைச் சொல்லி அழுதுக்கினே இருந்தாரு. தண்ணி கேட்டாரு. ஆண்டவர் எங்கடா, ஆளையே காணோமேன்னாரு. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. பக்கத்துலதாண்ணா இருக்காருன்னு நான்தான் சொன்னேன். சபைக்கே போவாதவன்.”

“நம்பினாரா?”

“தெரியல அண்ணி. என் கையைப் புடிச்சிக்கினாரு. அப்புறம் அவரு புடி தளர்ந்துபோச்சி.”

அம்மாவின் விரல்கள் ஆய்வதை நிறுத்தவில்லை. ஒரு செடியை ஆய்ந்து போட்டுவிட்டு, “அவரு கையை நீ உட்டுடலியே?” என்றாள்.

“உடல அண்ணி. மண்ணு அள்ளனவங்க வந்து பிரிக்கிறவரைக்கும் உடல.”

அப்பாவை மேலே கொண்டுவந்த நாளிலிருந்து அழாதவள் அப்போது அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் சித்தப்பாவுக்குக் கேப்பைக் கூழ் ஊற்றிக் கொடுத்துவிட்டு அம்மா என்னைக் கூப்பிட்டாள். “இப்பிடி உக்காரு பாப்பா. அப்பா உள்ள இன்னா சொன்னாருன்னு சித்தப்பா சொல்லுவாரு, கேளு.”

சித்தப்பா அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார். சபையில் சொன்னதைவிடச் சங்கீதம் இப்போது இன்னும் நீண்டிருந்தது. அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஒன்றும் தெரியாதவள்போலத் தலையாட்டினேன்.

பொய் சொன்ன சித்தப்பாவை ஆண்டவர் தண்டிக்கப்போகிறார், அம்மாவும் அதற்குத் துணை போகிறாளே என்று எனக்கு ஒரே பயம். அந்த இருட்டில் அப்பாவுக்கு ‘பக்கத்துலதான் இருக்காரு’ என்று சொல்ல ஒரு வாயும், பிடித்துக்கொள்ள ஒரு கையும் கிடைத்ததைத்தான் அந்தப் பொய்க்குள் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. அது அவளுக்குப் போதுமானதாக இருந்ததா என்பது இன்றும் தெரியாது.