சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஓர் ஏரி

ஆட்களைக் காட்டு ஏரிக்குக் கூட்டிப்போய்க் கையில் துடுப்பும் தூண்டிலும் கொடுப்பதுதான் எங்கள் தொழில் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் எட்டுப் பேரை ஒரே தேதிக்குத் தலையாட்ட வைக்க வேண்டும், அதற்கே பாதி உயிர் போய்விடும். நீங்களும் எப்போதாவது ஒரு பயணத்துக்கு வாட்ஸாப் குழு தொடங்கியவர் என்றால் உங்களுக்குத் தெரியும். முதல் நாள் எல்லாரும் கட்டைவிரலை உயர்த்துவார்கள். கிளம்புகிற வாரம் ஒருவர் மாமியாருக்குக் காய்ச்சல் வரும், இன்னொருவர் கார் மெக்கானிக்கிடம் போய்விடும். வாருங்கள், நாம் ஒரே சாதி.

என் அலுவலகம் மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. சுவரில் தெமங்கோர் ஏரியின் வரைபடம், மூலையில் குவித்து வைத்த உயிர்காப்புச் சட்டைகள், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா குடும்பத்தில் பிறந்தவள் படகுக்கு ஆள் சேர்க்கிறாள் என்பதை என் வீட்டார் இன்னும் வெளியே சொல்வதில்லை. வாடிக்கையாளர்களைக் குறை சொல்லச் சொன்னால் ஒரு நாள் முழுக்கச் சொல்வேன். ஆனால் இந்த ஒரு கூட்டத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேதியோடு வந்தவர்

தனம் அக்கா புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர். வேலை முடிந்து சீருடையோடு மாடியேறி வந்தார். எட்டுப் பேர், துடுப்புப் போடுகிற கனூ படகு நாலு, தூண்டில், கூடாரம், சனிக்கிழமை கிளம்பித் திங்கள் மாலை திரும்ப வேண்டும் என்று நின்றபடியே சொன்னார். இப்படிப் பேசுகிற வாடிக்கையாளரை நான் கனவில்தான் கண்டிருக்கிறேன். இருந்தாலும் பழக்கதோஷத்தில், அந்த வாரம் வேண்டாமே, கொஞ்சம் தள்ளிப் போனால் கூட்டம் குறைவாக இருக்குமே என்று ஆரம்பித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார். எட்டுப் பேரில் ஒருவர் முரளி, மெஷின் டெக்னீஷியன். நாற்பதைத் தாண்டியதுமே சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி காலைகளில் டயாலிசிஸ். சனிக்கிழமை முடித்துவிட்டு எழுந்தால் அடுத்தது செவ்வாய்க் காலை. அதைத் தவறவிடவே கூடாது. பழுதுபார்ப்பு வேலைக்காகத் தொழிற்சாலை அந்த ஒரு வாரம் மட்டும் திங்கட்கிழமையும் மூடியிருக்கும். நோய் வந்ததிலிருந்து முரளி எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போங்க" என்று சொல்லிவிடுகிறார். அவரை விட்டுவிட்டுப் போக மற்ற ஏழு பேருக்கும் மனம் வரவில்லை. தனம் அக்கா முதலில் டாக்டரைப் போய்ப் பார்த்து, அவர் சம்மதத்தையும் போட்ட நிபந்தனைகளையும் வாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் என்னிடம் வந்திருக்கிறார். வரைபடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏரி எங்கயும் ஓடிப்போகாது விஜி. மெஷின்தான் காத்துக்கிட்டு இருக்காது. அதனால ஏரிதான் நம்ம நேரத்துக்கு ஒத்து வரணும் லா."

சின்னக் குவளை

திட்டம் பேச எல்லாரும் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கூடினோம். முரளி ஒல்லியான ஆள், குரல் மட்டும் கனம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று அவருக்கு அளவு உண்டு. அதனால் சின்னக் குவளையில் பால் சேர்க்காத தே ஓ பாதி மட்டும் கேட்டார். பிறகு நடந்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வழக்கமாகப் பெரிய கிளாஸில் நுரை பொங்க ஆற்றிய பால் டீ, தே தாரிக், அடிக்கிற கூட்டம், ஒருவர் பின் ஒருவராக "எனக்கும் சின்னது" என்றது. யாரும் யாருக்கும் கண்ஜாடை காட்டவில்லை. முன்பே தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

வெளியே வெயில் கொளுத்துகிறது. எட்டுப் பேரும் மருந்து குடிப்பது போல உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கு இளநீர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், அவருக்கு ஆகாத எதுவும் யாருக்கும் வேண்டாம் என்று தனம் அக்கா என்னிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முரளிக்குக் காது நல்ல கூர்மை. கடைக்காரரைக் கூப்பிட்டு ஏழு பெரிய தே தாரிக் சொல்லிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்: "கிட்னி போனது எனக்கு. உங்க எல்லாருக்கும் என்ன வந்துச்சு? குடிங்க லா, பாக்கவே பாவமா இருக்கு."

பெருமாள் மாதம்

சாப்பாட்டுத் திட்டத்தைப் பெருமையோடு வாட்ஸாப் குழுவில் போட்டேன். பிடித்த மீனைக் கரையிலேயே சுடுவது, தலையைக் குழம்பு வைப்பது, இரவுக்குப் பொரியல். ஒரு பதிலும் இல்லை. கடைசியில் கணேசன் போன் செய்தார். அவர் முரளிக்குப் பக்கத்து மெஷின்காரர், வாய்க்குப் பூட்டே இல்லாத மனிதர். "அக்கா, நாம போறது புரட்டாசி சனி" என்றார். டயாலிசிஸ் பார்த்தோம், தொழிற்சாலை லீவு பார்த்தோம், வானிலை பார்த்தோம். மாதம் முழுக்க சைவம் இருக்கிற இத்தனை பேரில் ஒருவர்கூடத் தமிழ்க் காலண்டரைத் திருப்பிப் பார்க்கவில்லை. வேறு எந்த இனத்தார் இப்படி விரத மாதத்தில் மீன்பிடிப் பயணம் போடுவார்கள் என்று தெரியவில்லை.

தேதியை மாற்ற வழியில்லை. மீனைப் பிடித்து விட்டுவிட்டால் தோஷமா இல்லையா என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. முரளி மட்டும் விரதம் இல்லை. மீனும் முட்டையும் கட்டாயம் சாப்பிடச் சொல்லி டாக்டர் உத்தரவு. அப்படியானால் ஏழு பேரும் முரளிக்காகப் பிடிப்போம் என்று ஒரு தீர்மானம் வந்தது. முரளி அதைக் கையோடு தள்ளிவிட்டார்: தானே பிடித்த மீனாக இருந்தால் சாப்பிடுவார், அடுத்தவர் தூண்டிலில் வந்ததைத் தொடமாட்டார். கணேசன் விவாதத்தை முடித்து வைத்தார்: "சரி, ஏழு பேரு பிடிச்சு விட்டுருவோம், ஒருத்தன் பிடிச்சுத் தின்னட்டும். அவனுக்கும் மாட்டலைன்னா அவனுக்கும் கோஸ் பொரியல்தான், பெருமாள் ரொம்ப விவரமான ஆளு."

முன் இருக்கை

பாலிக் புலாவ் பக்கம் அலையில்லாத ஒரு கழிமுகத்தில் ஒத்திகை வைத்தோம். ஒரு கனூவுக்கு இரண்டு பேர். முரளியின் இடது கையில்தான் டயாலிசிஸ் ஊசி ஏறும். அந்தக் கையால் துடுப்புப் போடவோ பாரம் தூக்கவோ கூடாது என்பது டாக்டரின் முதல் நிபந்தனை. அதனால் கணேசன் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுவது, முரளி முன்னால் சும்மா உட்காருவது என்று ஏற்பாடு. முரளி ஒரு சுற்று போய்விட்டு இறங்கினார். "நான் என்ன புங்குஸ் பண்ணிப் பொட்டலமா எடுத்துட்டுப் போற சாமானா? நான் வரலை" என்று செருப்பைத் தேடினார். நான் என் தொழில்முறைத் தேன்குரலில், காற்று வாங்கலாம், காட்டைப் பார்க்கலாம், அதற்காகவே எத்தனையோ பேர் வருகிறார்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தத் தேன் புளித்துவிட்டது.

தனம் அக்கா சமாதானம் ஏதும் சொல்லவில்லை. எட்டுத் தூண்டிலையும் கொண்டுவந்து அவர் மடியில் போட்டார். ஏழு பேரில் ஒருவருக்கும் முள் கட்டத் தெரியாது, சிக்கு விழுந்தால் எடுக்கத் தெரியாது, இதையெல்லாம் யார் பார்ப்பது என்று கேட்டார். அது முழு உண்மை. முரளி முணுமுணுத்துக்கொண்டே ஒரு தூண்டில் நரம்பை இழுத்துப் பார்த்தார். முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்தார். பொழுது சாய்கிறவரை கரையில் உட்கார்ந்து எட்டையும் பிரித்துக் கட்டி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் திட்டித் திட்டிப் பழக்கினார். எத்தனையோ பயிற்சி வகுப்புகளுக்குப் போன எனக்கு இது தோன்றவில்லையே என்றேன். தனம் அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "அவனுக்கு வேலை குடுத்தா வருவான் விஜி, ஓய்வு குடுத்தா ஓடிருவான்."

எலுமிச்சம்பழம்

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து முரளி வேனின் பின்சீட்டில் படுத்துத் தூங்க, கிளம்பினோம். வேன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. ஏரியில் படகுத்துறைக்குப் போனதும் தனம் அக்கா பையிலிருந்து இன்னும் நாலு பழம் எடுத்தார், கனூ ஒன்றுக்கு ஒன்று. கனூவுக்குச் சக்கரம் ஏது? அடியில் வைத்துத் தள்ளலாம் என்றார் ஒருவர், அடிப்பாகம் கீறும் என்றேன் நான். பெரிய கோயில் விவகாரம் போல எல்லாரும் கூடி நின்று யோசித்தார்கள்.

எங்கள் படகோட்டி பாக் டின் அந்த ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த மலாய்க்காரர், அதிகம் பேசமாட்டார். வந்து நாலு பழத்தையும் வாங்கி, ஒவ்வொரு கனூவின் மூக்கிலும் கயிறு கட்டும் வளையத்தில் கச்சிதமாகச் செருகினார். தண்ணீரில் தள்ளியபோது ஒன்றும் விழவில்லை. தனம் அக்கா கைகூப்பினார். பாக் டின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் மலாயில் கேட்டார்: "எட்டுப் பேருக்கும் காப்புச் சட்டை கொடுத்துவிட்டேன், பழத்துக்கு வேண்டாமா?"

யாருக்குக் கடித்தது

ஞாயிற்றுக்கிழமை ஏரி மீன்களுக்கு என்ன வந்ததோ, விரதக்காரர்களைத் தேடித் தேடி வந்து கடித்தன. கணேசன் செபாராவ் மீனாகப் பிடித்துத் தள்ளினார். ஒவ்வொன்றையும் விடும்போது தலைக்கு மேலே பார்த்து ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வாழ்க்கையில் முதல் முறையாகத் தூண்டில் பிடித்த தனம் அக்காவுக்குக்கூட முழங்கை நீளத் தோமான் மீன் ஒன்று மாட்டியது. முரளிக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் மற்றவர் மீனின் வாயிலிருந்து முள்ளை எடுத்து, கையை நனைத்துக்கொண்டு பதமாகத் தண்ணீரில் விட்டது அவர்தான். கனூக்கள் அவரைச் சுற்றியே வந்துகொண்டிருந்தன.

மாலையில் கரையேறும்போது எல்லார் முகத்திலும் குற்ற உணர்ச்சி. கணேசன் கடைசியாகப் பிடித்த ஒன்றை விடாமல் வைத்திருந்தார். நல்ல மீன். இதை நீ பிடித்ததாகவே வைத்துக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று முரளியிடம் நீட்டினார். முரளி அதை வாங்கித் தண்ணீரில் விட்டுவிட்டுக் கோஸ் பொரியலுக்குத் தட்டை எடுத்தார்: "லைன்ல அடுத்தவன் செஞ்ச பீஸுக்கு என்னைக்காவது என் நம்பரைப் போட்டிருக்கேனா?"

திங்கட்கிழமை மேகம்

திங்கள் காலைதான் கடைசி வாய்ப்பு. வெயில் ஏறுகிற நேரத்தில் முரளியின் தூண்டில் முதல் முறையாக ஆடியது. ஒரு இழுப்பு, அப்புறம் விட்டுவிட்டது. இங்கேதான் நிற்கிறது, திரும்ப வரும் என்று அவர் சொல்லும்போதே பாக் டின் மலைப்பக்கம் கையைக் காட்டினார். கருமேகம். எங்கள் கூடாரம் எதிர்க்கரையில்; படகுத்துறைக்குத் திரும்ப ஏரியின் அகலமான பகுதியைக் கடக்க வேண்டும். காற்று எழுந்துவிட்டால் மறுநாள் வரை கனூ எதுவும் கடக்காது. மறுநாள் செவ்வாய்.

ஏழு பேரும் ஒரே குரலில் இன்னும் அரை மணி நேரம் என்றார்கள். செவ்வாய்க்குள் அவரைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த தனம் அக்காவே அதைத்தான் சொன்னார். கண்டிப்பாக மறுத்திருக்க வேண்டிய நானும் சரி என்று தலையாட்டினேன். முரளி யாரையும் கேட்கவில்லை. வலது கையால் நிதானமாகச் சுருட்டி, முள்ளைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினார். நாங்கள் கரை சேர்ந்து கடைசிக் கனூவை மேலே இழுக்கும்போது ஏரி வெள்ளையாகப் பொங்கியது. அங்கே நடு ஏரியில் பெட்டியை மூடும்போது அவர் சொன்னது இதுதான்: "மீனுக்கா வந்தேன்? நாலு மணி நேரம் படுத்துக்கிட்டு ஃபேனையே பாக்குறேன் பாருங்க, அப்ப நினைக்கிறதுக்கு ஏதாவது வேணும்னு வந்தேன். அது கிடைச்சிருச்சு. தள்ளு கணேசா."

செவ்வாய்க்கிழமை

மறுநாள் காலை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிவாக்கில் முரளியே கூப்பிட்டார், டயாலிசிஸ் கட்டிலிலிருந்து. உள்ளே போனதும் எடை பார்ப்பார்களாம். உடம்பில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். வீட்டில் சும்மா கிடக்கும் வாரங்களில் கூடிப்போய் நர்ஸிடம் திட்டு வாங்குகிறவருக்கு, இந்த முறை அளவுக்குள்ளேயே இருந்ததாம். திட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் அந்த அம்மாளே ஏரியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டாராம்.

பின்னணியில் மெஷின் சத்தமும் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டன. எனக்குக் கண் கலங்கிவிட்டது; அதை மறைக்க, மீன் பிடிக்காததை அங்கே சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் கேள்வியைக் கண்டுகொள்ளவே இல்லை: "பக்கத்துக் கட்டில்ல கெப்பாலா பத்தாஸ் ஊர் அங்கிள் ஒருத்தர், இந்தப் பக்கம் ரெண்டு பேரு, எதிர்ல ஒருத்தர், எல்லாரும் அந்த முன் சீட்டு வேணும்னு கேக்குறாங்க அக்கா. டாக்டர்கிட்ட பேசத் தனம் அக்காவை அனுப்பிக்கலாம், தூண்டில் எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

வெறுங்கையோடு திரும்பிய ஒருவர் பேச்சைக் கேட்டு இன்னும் நாலு பேர் கிளம்புகிறார்கள் என்றால், இத்தனை வருடமாக விளம்பரத்தில் பெரிய பெரிய மீனாகப் போட்டு நான் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.