சாயங்காலமானால் கை தெரியாத வீடியோ கால்

நேற்று சாயங்காலம் இன்டர்நெட் ஆபீஸ் கவுண்டரில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "வாய்ஸ் கிளியரா இருக்குங்களா மேடம்?"

பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் ஆப் என் போனில் இருக்கிறது. அதில் படித்துவிட்டு, பதிலை டைப் செய்து நீட்டினேன்.

"முப்பது வருஷமா கிளியரா இல்லைங்க."

(புதிதாக வந்த நண்பர்களுக்கு: எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாய் கொஞ்சம் நீளம், அதுவும் டைப்பிங்கில்தான்.)

கவுண்டர் அக்கா முகம் வாடிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் நான் பாவம் பார்க்கிற நிலைமையில் இல்லை.

போன வாரம் சமயபுரத்தில் ஒரு மண்டபத்தில் என்னைப் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளை பெயர் சரவணன், ஓசூரில் கம்பெனி வேலை. அவருக்கும் காது கேட்காது.

இரண்டு குடும்பமும் எங்கள் கைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததில், "சாப்பிட்டீங்களா" என்பதைத் தாண்டி நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

"வீடியோ கால்ல பேசிக்குங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லிடும்மா" என்று அவர் அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

எங்கே பேச? அரியமங்கலத்தில் வேலை முடிந்து நான் ஸ்ரீரங்கம் வந்து சேர ஏழு மணி. அவர் ஷிப்ட் முடிவதும் அப்போதுதான். கால் போட்டால் அவர் ஐந்து விரலும் சேர்ந்து ஒரே கொழுக்கட்டையாகத் தெரியும்.

சைகை மொழியில் கை தெரியாவிட்டால் பேச்சே இல்லை. காலையில் படம் பளிச்சென்று இருக்கும். அப்போது அவர் ஷிப்டில் இருப்பார்.

இதில் எரிச்சல் என்னவென்றால், அதே ஏழு மணிக்கு, அதே இன்டர்நெட் கம்பெனியின் ஆப்பில், அம்மா பார்க்கிற சீரியலில் மாமியாரின் மூக்குத்திக் கல் வரை தெரிகிறது.

நேற்று வியாழக்கிழமை ஆகிவிட்டது. அரை மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அவர்கள் ஆபீஸுக்குப் போய்விட்டேன்.

உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார். ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டினார். "நூறு வருதே மேடம். லைன்ல ஒண்ணும் ப்ராப்ளம் இல்லைங்க."

டைப் செய்தேன். "உங்க வீட்லயும் இதே கனெக்‌ஷனா?"

"ஆமாங்க."

"அப்போ வீட்டம்மாவுக்கு வீடியோ கால் போடுங்க. சவுண்டை ஜீரோவுல வெச்சுட்டு, ராத்திரி என்ன டிபன்னு கேளுங்க. அவங்க கையால பதில் சொல்லட்டும். நீங்க பார்த்துச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே போட்டார். திரையில் அந்த அம்மா எதையோ கிண்டுவது போல இருந்தது. கரைப்பது போலவும் இருந்தது. நடுவில் படம் நின்றது, அப்புறம் கட்டம் கட்டமாகப் பிரிந்தது.

"தோசையா?" என்றார். பில் கட்ட வந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "பொங்கலா இருக்கும்ங்க" என்றார். கவுண்டர் அக்கா சப்பாத்தி என்று அடித்துச் சொன்னார்.

அந்த அம்மா பொறுமை போய், வாணலியையே கேமரா முன்னால் தூக்கிக் காட்டினார். கறுப்பாக ஒரு கட்டம் தெரிந்தது.

மேனேஜர் தோற்றுப்போய் சவுண்டை வைத்தார். உப்புமாவாம்.

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "சாயங்காலம் ஆறுலேருந்து பத்து வரைக்கும் வீடியோ காலை மட்டும் கொஞ்சம் ஸ்லோ பண்ணி வெச்சிருக்கோம்ங்க. அந்த நேரம் எங்க ஆப்புல சீரியல் தடங்கல் இல்லாம ஓடணும். பேசறதுக்கு வாய்ஸ் போதும்னு நெனச்சுட்டோம்."

"எங்களுக்குக் கைதாங்க வாய்ஸ்" என்று காட்டினேன். அதைப் படித்துவிட்டுப் போனை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். கோபத்தோடு வந்த எனக்கே அவர்மேல் கோபம் போய்விட்டது.

"உங்க லைனுக்கு இப்பவே எடுத்துடறேன் மேடம்."

பில் கட்ட வந்த பெரியவர் விடவில்லை. "எங்களுக்கும் எடுங்க. பேரன் மூஞ்சியைப் பார்த்து ஆறு மாசமாச்சு, மூக்கு எங்க இருக்குன்னே தெரியல."

மேனேஜர் உள்ளே போனார். பத்து நிமிடத்தில் ஏரியா முழுவதற்கும் எடுத்துவிட்டதாக வந்து சொன்னார்.

ஏழரைக்கு வீட்டிலிருந்து கால் போட்டேன்.

பத்து விரலும் தெரிந்தது. கட்டைவிரலில் ஒரு பழைய தழும்பு கூடத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (அதுவும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.)

வேலை, வீடு, கோபம், சமையல், எல்லாம் பேசினோம். கடைசியில் அவர் முகம் சீரியஸாகிவிட்டது. பதில் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு உண்மை தெரிய வேண்டுமாம்.

"நான் பயங்கரமா குறட்டை விடுவேனாம். ரூம்ல ரெண்டு பேர் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. உங்களுக்குப் பரவாயில்லையா?"

அவரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கே விளங்கியது.

சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. சரி என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.