‘கோ’ என்றால் ஓடு, ‘கோ’ என்றால் ஐந்து

மணி நாலரை. டோக்கியோ மணி, வெயிலைக் கேட்டால் மூன்று என்றிருக்கும். முதலில் கண்ணில் பட்டது வாளி. ரப்பர் பால் சுமக்கும் வாளியின் அடியை வெட்டி, ஆலைச் சுவரில் ஆணியடித்திருந்தார்கள். அதுதான் எங்கள் கூடை. பந்து, மரத்தில் வடிந்து காய்ந்த ஒட்டுப்பாலைச் சுருட்டிச் செய்தது.

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் சிரம்பானுக்கு வெளியே ஒரு ரப்பர் எஸ்டேட்டில், நான் கூடைப்பந்து ஆடினேன் என்றால் நம்புவீர்களா? ஆடினேன். மோசமாக.

அன்று பக்கத்து எஸ்டேட்டோடு பந்தயம். ஜெயிக்கிற டீம் ஊரிலேயே இருக்கும், தோற்கிற டீம் ரயில்பாதை போட, போனவர் திரும்பாத சயாமுக்குப் போகும் – இப்படி ஒரு பேச்சு. யார் சொன்னது? கணக்கெழுதும் கிராணி, எங்களை வேலை வாங்கும் மண்டோரைக் கைகாட்டினார்; மண்டோர் கிராணியை. எங்கள் டீமில் வீரன் என்று ஒருத்தன்; அவன் மனைவிக்கு நிறைமாதம். அவன் சரியாகச் சாப்பிட்டே நாலு நாள் ஆகியிருந்தது.

சிக்கல் என்னவென்றால், எங்களுக்கு இரண்டு கோச்.

கிராணி சேவியர் டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஆடியவர். அவர் ‘கோ’ என்றால் கூடையை நோக்கி ஓட வேண்டும். மண்டோர் முனியாண்டி ஜப்பான் பாஷை வகுப்புக்குப் போய்வந்தவர். எங்கள் ஐந்து பேருக்கும் எண் வைத்துவிட்டார் – இச்சி, நீ, சான், சீ, கோ. அவர் எந்த எண்ணைச் சொல்கிறாரோ, அவனுக்குப் பந்து போக வேண்டும்.

அவர் “நீ” என்றால் ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தோம். “சீ” என்றால் நாலாம் எண் சின்னப்பனின் முகம் சுண்டிவிடும்.

“என்னைத் திட்டுறாருலா.”

“திட்டலடா, கூப்புடுறாரு.”

“சீன்னா கூப்புடுவாங்க?”

ஆட்டத்துக்கு முன் வீரன் இருவரிடமும் கைகூப்பினான். “ஐயா, யாராச்சும் ஒருத்தர் மட்டும் கத்துங்க. என் பொண்டாட்டிய நெனச்சுப் பாருங்க.”

“கேட்டீரா மண்டோரே? நீரு சும்மா இரும்” என்றார் கிராணி.

“ஒம்ம வெள்ளக்காரனே ஓடிட்டான். ஒம்ம பாஷை மட்டும் எதுக்கு கிராணி இங்க நிக்கிது?” என்றார் மண்டோர்.

ஆட்டம் சமநிலையில் முடியப் போகிறது. பந்து வீரனின் கையில். எங்கள் பக்கமிருந்து ஒரு குரல்: “கோ!”

நான் ஐந்தாம் எண். வீரன் அதை எண்ணாகக் கேட்டான். நான் நின்ற இடத்துக்குப் பந்தை வீசினான். நானோ இங்கிலீஷாகக் கேட்டேன். கூடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன். காலி இடத்தில் விழுந்த பந்தை எதிராளி எடுத்துப் போய் வாளியில் போட்டான். தோற்றோம்.

வீரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். “யாருடா கத்துனது?”

கிராணி மண்டோரைப் பார்த்தார். மண்டோர் கிராணியைப் பார்த்தார்... இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை லாரி வந்தது. எங்கள் எஸ்டேட்டைத் தாண்டி, பக்கத்து எஸ்டேட்டில் போய் நின்றது. சயாமுக்குத் திடமான ஆள் வேண்டுமாம். ஜெயித்த ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டது. அந்தப் பேச்சு எங்கே தலைகீழானது? சொன்ன வாயிலா, கேட்ட காதிலா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

அதே வாரம் வீரனுக்குப் பெண் பிறந்தது.

பக்கத்து எஸ்டேட் டீமுக்கு ஒரே கோச்.