கீழ் ஹோஸ்

அந்த உதிரிபாகக் கடைக்கு வரும் மெக்கானிக்குகள் அவளை ஹோஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுவர் முழுக்கக் கொக்கிகளில் தொங்கும் கறுப்பு ரப்பர் ஹோஸ்களில் எது எந்த ரேடியேட்டருக்கு என்பது அவளுக்கு அத்துப்படி.

"அக்கா, பழசு வெடிச்சிருச்சு. இதே மாதிரி ஒண்ணு குடுங்க."

"இது எங்க வெடிச்சுது? கிளாம்பைப் போட்டு நெரிச்சுக் கொன்னுருக்கீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் கை சரியான கொக்கிக்குப் போயிருக்கும்.

"கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் இல்லாம இந்த ஹோஸுங்களோடயே குடும்பம் நடத்துது பாரு" என்று எவனாவது சீண்டினால், "இது ஒழுகினா மாத்திக்கலாம். உன்னைக் கட்டிக்கிட்டு என்ன பண்றது?" என்பாள்.

அவளுக்கென்று இருந்த ஒரே ஆசை அந்தக் கார். தம்பி வெல்டர். பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் காரை நாமே பூட்டிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டியவன் அவன்தான். இரும்புச் சட்டம், ஃபைபர் உடம்பு, கதவு, நட்டு, போல்ட்டு என்று எல்லாம் தனித்தனியாக வந்தன. பணத்தில் பாதி அவன் போட்டது, பாதி அவள் போட்டது. "முடிஞ்சதும் முதல்ல நீதான்க்கா ஓட்டுறே. நான் பக்கத்துல உக்காந்து வர்றேன்" என்றான். அந்த வார்த்தையை நம்பி அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். இருபது வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று லைசென்ஸும் வாங்கிவிட்டாள்.

எஞ்சினும் ரேடியேட்டரும் மட்டும் பெட்டியில் வரவில்லை. எஞ்சின் ஓர் அடிபட்ட காருடையது. ரேடியேட்டர் ஒரு பழைய வேனுடையது. ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத இந்த இரண்டையும் சேர்த்துவைக்கும் ஹோஸ் எங்கும் தயாராக விற்காது. அதனால் தம்பி ஒரு தடித்த கம்பியை, ஹோஸ் போக வேண்டிய வழியிலேயே வளைத்து அவள் கையில் கொடுத்திருந்தான். மேல் ஹோஸ் சுலபமாகக் கிடைத்தது. கீழ் ஹோஸ்தான் உயிரை வாங்கியது. பம்பு தண்ணீரை இழுக்கிற பக்கம் அது. ரப்பர் மெலிதாக இருந்தால் உறிஞ்சப்பட்டுச் சப்பையாக ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் போகாமல் எஞ்சின் கொதித்துவிடும்.

"ஏதாவது ஒண்ணை மாட்டிவிடேன்க்கா."

"மாட்டலாம். நடுரோட்டுல புகை வந்தா நீ இறங்கித் தள்ளுவியா?"

மத்தியானம் கடை ஓய்கிற நேரமெல்லாம் கம்பியும் கையுமாக ஸ்டூலில் ஏறி நின்று ஒவ்வொரு ஹோஸாக வைத்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு பால் வேனின் ஹோஸ் அகப்பட்டது. தலைகீழாகப் பிடித்து, ஒரு முனையில் நாலு விரல் வெட்டியதும் கம்பியோடு அச்சாகப் பொருந்தியது. அவள் போட்ட சத்தத்தில் முதலாளி பாம்பு வந்துவிட்டதென்று நாற்காலியில் ஏறிவிட்டார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தம்பியின் ஷெட்டுக்குப் போனாள். காரின் பின்பாதியைத் தார்ப்பாயால் மூடியிருந்தான். முன்பக்கம் மட்டும் திறந்திருந்தது. அவள் குனிந்து ஹோஸை உள்ளே நுழைத்தாள். பாதி வழியில் இரும்பில் இடித்தது. தடவிப் பார்த்தாள். ஸ்டியரிங் ராடு.

"இது அந்தப் பக்கம்ல இருந்துச்சு?"

தம்பி வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினான். அவள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். ஸ்டியரிங் சக்கரம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறியிருந்தது. இந்த ஊர் ரோட்டில் யாரும் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்டுவதில்லை.

டீ கொண்டுவந்த தம்பி மனைவி வாசலிலேயே நின்றாள். "என்னங்க, அண்ணிகிட்ட இன்னும் சொல்லலையா?"

"வெளிநாட்டுக்காரர்க்கா" என்றான் தம்பி. "அவங்க ஊர்ல அந்தப் பக்கம்தான். நல்ல விலைக்குக் கேட்டாரு. உன் பங்கு உன் கைக்கு வந்துரும்."

"எப்பப் பேசினே?"

"நீ டெஸ்ட்டுக்குப் போனியே, அந்த வாரம்."

"லைசென்ஸைக் கொண்டாந்து உங்கிட்டக் காட்டினேனே. கை தட்டினியேடா."

"அவ்ளோ சந்தோஷமா வந்தே. அப்போ எப்படிக்கா சொல்றது?"

"சரி. ஸ்டியரிங்கை மாத்தினப்புறமும் அந்தப் பழைய கம்பிய வெச்சு ஏன் என்னைத் தேட விட்டே?"

"புதுக் கம்பி குடுத்தா ஏன்னு கேப்பியே."

அவள் ஹோஸை வெளியே இழுத்துத் துடைத்தாள். துடைக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

"கோவிச்சுக்காதக்கா. இந்த வழியில போற மாதிரி ஒண்ணு பாத்துக் குடுத்துடு. அவரு ஓட்டிப் பாத்துட்டுத்தான் எடுப்பாரு. கொதிச்சுதுன்னா மானம் போயிரும். உன்னை விட்டா வேற யாருக்குத் தெரியும்?"

வேண்டாம் வேண்டாம் என்றாலும் அவள் கண் உள்ளே போனது. ராடுக்கு அடியில் நுழைந்து ஒரே திருப்பத்தில் ஏற வேண்டும். எந்த வண்டியின் ஹோஸ், எந்தக் கொக்கி என்பதுவரை தெரிந்துவிட்டது.

"இருக்கு" என்றாள். "எதுன்னும் தெரியும். சொல்ல மாட்டேன்."

"விளையாடாதக்கா."

டீ ஆறிக்கொண்டிருந்தது. "அண்ணி, குடிச்சுட்டுப் போங்க" என்று தம்பி மனைவி இரண்டு முறை சொன்னாள். அவள் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை தம்பி புதுக் கம்பியோடு கடைக்கு வந்தான். அவள் கடையில் கூட வேலை பார்க்கும் இன்னொரு விற்பனையாளரை அவனுக்குக் கைகாட்டிவிட்டாள். அவர் நல்ல மனுஷர்தான்; ஆனால் ஹோஸ் அவருக்குப் பழக்கமில்லை. ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். தம்பி இரண்டையும் இரு கையில் வைத்துக்கொண்டு, எது என்பதுபோல அவள் முகத்தையே பார்த்தான். இரண்டும் இல்லை. அவனுக்கு வேண்டியது அவள் தலைக்கு நேர் மேலே தொங்கியது.

அவள் அடுத்து நின்ற லாரிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்கண்ணே, என்ன வண்டி?"